புதிர்க்கணக்கு படிச்சா வாழ்க்கைக்கு உதவுமா? (அன்றாட முரண்புதிர்கள் - விவாத இழை)

தாமிரபரணி

"நான் சொல்வதெல்லாம் பொய்" என்பவன் சொல்வது மெய்யா பொய்யா, முன்னே கிளம்பிவிட்ட ஆமையைக் கிரேக்க வீரன் அக்கிலிஸ் முந்துவானா மாட்டானா என்பதையெல்லாம் இங்கே பல தடவை அலசியாகிவிட்டது. அழகான புதிர்கள்தான். ஆனால் ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ அவற்றால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. இந்த இழை வேறு வகை. கேட்டவுடன் முரணாகத் தோன்றி, கணக்குப் போட்டால் சரியாக வந்து, அதன்பின் ஒரு விஷயத்தை நாம் பார்க்கும் கோணத்தையே மாற்றிவிடுகிற புதிர்கள் மட்டும் வரட்டும்.

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊரில் டவுன் பஸ்கள் பாதி காலியாக ஓடுகின்றன என்று நிர்வாகம் சொல்கிறது. பயணிகளைக் கேட்டால் நிற்கக்கூட இடமில்லை என்கிறார்கள். யாரோ ஒருவர் புளுகுகிறார் என்றுதான் தோன்றும். நான்கு பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் தலா 10 பேர், ஒன்றில் 20, இன்னொன்றில் 80. மொத்தம் 120 பேர், வண்டிக்குச் சராசரி 30. நிர்வாகத்தின் கணக்கு சரி. இப்போது இறங்கி வரும் ஒவ்வொருவரிடமும் "உங்க வண்டியில் எத்தனை பேர்?" என்று கேட்டுச் சராசரி போடுங்கள். 58 வரும். ஏனென்றால் 120 பேரில் 80 பேர் வந்ததே அந்த நெரிசல் வண்டியில்தான். பயணிகளின் கணக்கும் சரி. காலி வண்டி காலியாக ஓடியது என்று சாட்சி சொல்ல ஆள் குறைவு, அவ்வளவுதான்.

இதே கணக்கை ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இல் நட்புக்குப் பொருத்திக் காட்டினார். சராசரியாகப் பார்த்தால் நம்மைவிட நம் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். நூறு பேரோடு பழகுகிறவர் நூறு பேருடைய பட்டியலில் இருப்பார். வீட்டோடு கிடப்பவர் யாருடைய பட்டியலிலும் இருக்க மாட்டார். முகநூலைத் திறந்தால் ஊரே கலகலப்பாக இருக்கிறது, நான் மட்டும் இப்படி இருக்கிறேனே என்ற ஏக்கத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கால் வருவது.

அடுத்தவர் வரலாம்.

டிப்போ மாணிக்கம்

பஸ்ஸைப் பத்திப் பேசிட்டு என்னை விட்டுட்டா எப்படி சார். டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். "பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டிங்கிறீங்க, அரை மணி நேரமா நிக்கிறோம்"னு ஜனங்க சண்டைக்கு வருவாங்க. நோட்டைத் திருப்பிக் காட்டுவேன், ஒரு மணி நேரத்துல 6 வண்டி போயிருக்கும். நோட்டும் பொய் இல்ல, ஜனங்களும் பொய் இல்ல.

வண்டி அச்சுப் பிசகாம 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வந்தா, எப்பவோ வந்து நிக்கிற ஆளு சராசரியா 5 நிமிஷம் நிப்பாரு. ரோட்டுல அப்படி நடக்காது. முன்னாடி போற வண்டி ஒரு சிக்னல்ல மாட்டிக்கிச்சுன்னா அடுத்த ஸ்டாப்புல கூட்டம் சேர்ந்துரும். ஏத்தி இறக்க நேரம் ஆகும். இன்னும் லேட்டு, அதுக்கடுத்த ஸ்டாப்புல இன்னும் கூட்டம். பின்னாடி வர்ற வண்டிக்கு ஏத்த ஆளே இருக்காது, விறுவிறுன்னு வந்து முன்னாடி வண்டியோட ஒட்டிக்கும். இப்ப இடைவெளி 1 நிமிஷம், 19 நிமிஷம், மறுபடி 1, மறுபடி 19னு ஆயிரும். நோட்டுல சராசரி அதே 10தான். ஆனா ஸ்டாப்புக்கு வர்ற 20 பேர்ல 19 பேரு அந்த நீள இடைவெளியிலதான் வந்து நிப்பாங்க. சராசரி காத்திருப்பு 9 நிமிஷத்தைத் தாண்டிருது.

அந்தப் பின்னாடி வண்டி கண்டக்டருக்கு கலெக்‌ஷன் கம்மின்னு மெமோ வேற கொடுப்பாங்க. அந்தக் கதையைத் தனியாத்தான் பேசணும்.

குசும்பன்

ஆக, பஸ் லேட்டு, பஸ்ல கூட்டம். இதைக் கண்டுபிடிக்க ரெண்டு பேரு கணக்குப் போட்டிருக்கீங்க. நடத்துங்க. திரும்பி வந்த விமானத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதேன்னு சொல்ல எல்லாரும் போடுற அந்த ஓட்டை விழுந்த போர் விமானப் படத்தை மட்டும் யாராவது போட்டீங்க, நான் வெளிநடப்பு. இப்பவே சொல்லிட்டேன்.

லேப் செல்வி

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் என் புதிர் அங்கிருந்தே. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் என்று தப்பாகக் காட்டிவிடும் ஒரு டெஸ்ட். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. அவருக்கு நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

95 சதவீதம் என்று வாயில் வருகிறதா? 1978இல் ஹார்வர்டில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களுமாக 60 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். 27 பேர் அந்தப் பதிலைத்தான் சொன்னார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

ஆயிரம் பேரை வரிசையில் நிற்க வையுங்கள். நோயுள்ளவர் ஒருவர். மீதி 999 பேரில் 5 சதவீதம் என்றால் சுமார் 50 பேர். ஆக பாசிட்டிவ் சீட்டு கையில் வைத்திருப்பவர்கள் 51 பேர், அவர்களில் நோயாளி ஒரே ஒருவர். வாய்ப்பு 2 சதவீதம்.

எச்ஐவி பரிசோதனைக்கு ஐசிடிசி என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குப் போனால் முதல் டெஸ்ட் பாசிட்டிவ் என்றவுடன் யாரும் முடிவைச் சொல்லிவிட மாட்டார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் சொல்வார்கள். காரணம் இந்தக் கணக்குதான். ஆனால் ரத்த வங்கியில் ஒரே டெஸ்டில் பாசிட்டிவ் வந்தாலே அந்தப் பையை ஒதுக்கிவிடுவார்கள். நல்ல ரத்தம் ஒரு பை வீணானால் பரவாயில்லை, ஒரு மனிதரிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

குசும்பன்

அப்போ லேப் ரிப்போர்ட் வந்தா கிழிச்சுப் போட்டுட்டு பேசாம படுத்துக்கலாம்னு சொல்லுங்க மேடம்.

லேப் செல்வி

இப்படி ஒருத்தர் கேட்பார் என்று தெரியும் :) "வேறு எதுவும் தெரியாது" என்று போட்டிருந்தேனே, அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இரண்டு வாரமாகக் காய்ச்சல், எடை குறைகிறது, டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்து வருகிறவர் அந்த ஆயிரத்தில் ஒருவர் அல்ல. அவரைப் போல வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேரில் 100 நோயாளிகள், மீதி 900இல் 45 தப்பான பாசிட்டிவ். டெஸ்ட் நோயாளிகளில் யாரையும் தவறவிடாது என்றால், 145 பேரில் 100 பேருக்கு நோய். கிட்டத்தட்ட 70 சதவீதம். அதே கிட், அதே ரத்தம். வந்து நிற்கும் ஆள் யார் என்பதில் மாறிவிடுகிறது.

ஒரு உபாதையும் இல்லாமல், பண்டிகைத் தள்ளுபடியில் "முழு உடல் பேக்கேஜ்" என்று அறுபது எழுபது டெஸ்ட் எடுப்பவர்களுக்கு ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வந்தே தீரும். பல டெஸ்ட்களுக்கு நார்மல் எல்லையை வகுக்கும் விதமே, நல்ல ஆரோக்கியமானவர்களிலும் 5 சதவீதம் பேர் அதற்கு வெளியே விழும்படி இருக்கிறது. எங்கள் முதலாளி இந்த இழையைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஜெயந்தி

செல்வி, ஒரு சந்தேகம். எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷன். ஜிஹெச்ல சேர்க்கலாம்னு நான் சொல்றேன். வீட்ல எல்லாரும் "அங்க போனவங்க நிறைய பேர் திரும்பலை, பக்கத்து நர்சிங் ஹோம்ல ஒரு உயிர்கூடப் போனதில்ல"ன்னு அடம். கேட்டா நியாயமாத்தான் தெரியுது?

வல்வை குமரன்

ஜெயந்தி அக்கா, இதுக்குச் செல்வி பதில் சொல்ல முதல் நான் ஒரு கணக்குச் சொல்லுறன். 1986இல பிரித்தானியாவில சிறுநீரகக் கல்லுக்குச் செய்த வைத்தியங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. திறந்து வெட்டி எடுக்கிற சத்திரசிகிச்சை 350 பேருக்கு, அதில 273 பேருக்குச் சரி வந்தது, 78 வீதம். சின்னத் துளை போட்டு எடுக்கிற புது முறை இன்னொரு 350 பேருக்கு, 289 பேருக்குச் சரி, 83 வீதம். அப்ப புது முறைதானே நல்லது?

இப்ப கல்லின்ர அளவைப் பார்த்துப் பிரியுங்கோ. சின்னக் கல்லு: பழைய முறை 87 பேரில 81, அதாவது 93 வீதம். புது முறை 270 பேரில 234, 87 வீதம். பெரிய கல்லு: பழைய முறை 263 பேரில 192, 73 வீதம். புது முறை 80 பேரில 55, 69 வீதம். சின்னதிலயும் பழசுதான் முன்னுக்கு, பெரிசிலயும் பழசுதான் முன்னுக்கு. ரெண்டையும் கூட்டினால் மட்டும் புதுசு வெல்லுது!

மாயம் ஒண்டும் இல்லை. கரைச்சலான பெரிய கல்லுகளை டொக்டர்மார் பழைய முறைக்கு அனுப்பினவை, லேசானதுகளைப் புது முறைக்கு. சிம்ப்சன் முரண்புதிர் எண்டு சொல்லுறது இதைத்தான். எட்வர்ட் சிம்ப்சன் 1951இல எழுதினவர்.

லேப் செல்வி

குமரன் அண்ணா சொன்னதுதான் பதில். அந்த நர்சிங் ஹோமில் நிலைமை கைமீறிப் போகிறவர்களை எங்கே அனுப்புகிறார்கள்? ராத்திரி ஒரு மணிக்கு 108 ஆம்புலன்ஸ் வைத்து ஜிஹெச்சுக்குத்தான். உயிர் அங்கே போகிறது, கணக்கு அங்கே ஏறுகிறது. நர்சிங் ஹோம் நோட்டில் "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்" என்று இருக்கும். இதனால் ஜிஹெச்தான் உசத்தி என்றும் சொல்ல வரவில்லை. சித்தப்பாவுக்குச் செய்யப்போகிற அதே ஆபரேஷனை, அவர் வயதிலும் அதே சர்க்கரை அளவிலும் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு எத்தனை செய்கிறார்கள், சிக்கல் வந்தால் ஐசியு உள்ளேயே இருக்கிறதா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

நிரலன்

குமரன் சார் சொன்னதுக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கணும். சிம்ப்சன் கதையைக் கேட்டவங்க எல்லாரும் "எதையும் பிரிச்சுப் பார்த்தாதான் உண்மை தெரியும்"னு கிளம்பிடுவாங்க. அப்படி இல்ல. ஒரு மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைச்சு, அது வழியாத்தான் மாரடைப்பைத் தடுக்குதுன்னு வச்சுக்குங்க. மாத்திரை சாப்பிட்டதுக்கு அப்புறம் இருக்கிற அழுத்தத்தை வச்சு ஆட்களைப் பிரிச்சா, "ஒரே அழுத்தம் உள்ளவங்கள்ல மாத்திரை எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல"ன்னு வரும். மாத்திரையோட வேலையையே கணக்குல இருந்து தூக்கிட்டோம், பின்ன எப்படி வித்தியாசம் தெரியும்? கல்லோட அளவு வைத்தியத்துக்கு முன்னாடியே இருந்தது, அதனால பிரிக்கலாம். எது முன்னாடி, எது பின்னாடி, எதால எதுங்கிறதை வெறும் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணினி விஞ்ஞானி ஜூடியா பேர்ல் பல வருஷமா மல்லுக்கட்டுறது இதுக்குத்தான்.

சரி, என் பங்குக்கு ஒண்ணு. ஆபீஸ்ல ஒருத்தர் ஆப்ஷன் டிரேடிங்ல, அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமான்னு பந்தயம் மாதிரி காசு போடுறதுல, லாபம் வந்த ஸ்க்ரீன்ஷாட்டை குரூப்ல போடுவார். அடுத்த மாசம் வேற ஒருத்தர் போடுவார். குரூப்பைப் பார்த்தா எல்லாரும் சம்பாதிக்கிற மாதிரி இருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024ல ஒரு ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல ஆப்ஷன்ஸ்லயும் அதே வகையான ஃப்யூச்சர்ஸ்லயும் இறங்கின 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இந்த 93 சதவீதத்துல யாராவது ஸ்க்ரீன்ஷாட் போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?

டிப்ஸ் கொடுக்கிற ஆட்களோட வித்தை இன்னும் சுலபம். 1,024 பேருக்கு மெசேஜ். பாதிப் பேருக்கு "இந்தப் பங்கு ஏறும்", மீதிப் பாதிக்கு "இறங்கும்". எது பலிச்சதோ அந்த 512 பேரை மட்டும் வச்சுக்கிட்டு அடுத்த வாரம் அதே மாதிரி பாதி பாதி. அஞ்சு வாரத்துல 32 பேர் மிஞ்சுவாங்க. அவங்களுக்கு அந்த ஆள் தெய்வம், அஞ்சுக்கு அஞ்சு பலிச்சிருக்கு. காசு கேட்கிறது அந்த 32 பேர்கிட்டதான். செபியில பதிவு பண்ணாம கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்றது சட்டப்படி கூடாதுங்கிறது தனி விஷயம்.

டிப்போ மாணிக்கம்

தம்பி, இதை எங்க ஊரு ஜோசியர் கம்ப்யூட்டர் இல்லாமயே பண்ணுவாரும்பாங்க. புள்ளத்தாச்சிகிட்ட "ஆம்பளப் புள்ள"ம்பாரு, நோட்டுல "பொண்ணு"ன்னு எழுதி வச்சுக்குவாரு. பையன் பொறந்தா நோட்டைத் தேடி யாரும் வர மாட்டாங்க. பொண்ணு பொறந்து சண்டைக்கு வந்தா நோட்டை விரிச்சுக் காட்டுவாரு.

கோச்சிங் சென்டர் பேனரும் இதே கதைதான். ஒரே பையன் மூணு சென்டர் பேனர்ல சிரிக்கிறான். சேந்தவங்க மொத்தம் எத்தனை பேருன்னு எந்தப் பேனர்லயும் போட மாட்டேங்கிறான்.

கணக்கு ஐயா

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். இதுவரை பேசப்பட்டவற்றைவிட நம் வீடுகளில் அதிகக் கேடு செய்யும் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

உளவியலாளர் டேனியல் கானெமன் இளைஞராக இருந்தபோது இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். பாராட்டுவது தண்டிப்பதைவிடப் பயன் தரும் என்றார். அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், இதை நான் கண்ணால் பார்க்கிறேன் என்றார். அவர் பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. மிக மோசமான ஒரு முயற்சிக்குப் பின் வருவது, திட்டினாலும் திட்டாவிட்டாலும், பெரும்பாலும் அதைவிட மேலாகத்தான் இருக்கும். மிகச் சிறந்த ஒன்றுக்குப் பின் வருவது கொஞ்சம் கீழேதான் இருக்கும். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது.

வகுப்பில் இதைப் பகடைக் காயால் காட்டுவேன். 60 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு பகடை. ஒரு முறை உருட்டச் சொல்வேன். கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் சுமார் 10 பேர் இருப்பார்கள். அவர்களை எழுப்பி நிறுத்தி, "வெட்கமாக இல்லையா, ஒழுங்காக உருட்டு" என்று அதட்டுவேன். 10 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்குக் கைதட்டல். மறுபடி உருட்டினால், அதட்டு வாங்கியவர்களில் சுமார் ஆறில் ஐந்து பங்கினர் 4ஐத் தாண்டி முன்னேறியிருப்பார்கள். கைதட்டல் வாங்கியவர்களில் அதே அளவினர் 10க்குக் கீழே சரிந்திருப்பார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பகடைக்குக் காது கிடையாது.

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழிக்கு நம் வீடுகளில் கிடைக்கும் அன்றாடச் சான்று முழுவதும் இப்படி வந்ததுதான் என்பது என் கருத்து. அடிப்பது எப்போது? பிள்ளை இருப்பதிலேயே மோசமான மதிப்பெண் வாங்கி வந்த அன்று. அடுத்த தேர்வில் அது எப்படியும் ஏறியிருக்கும். அடிக்குப் பலன் கிடைத்ததாகத் தகப்பன் நம்புவான். பாராட்டினால் தலைக்கனம் ஏறும் என்பதற்கும் இதே வழியில் சான்று சேரும்.

ஜெயந்தி

ஐயா, மார்க்கும் பகடையும் ஒண்ணா? பகடைக்குப் படிப்பு கிடையாது. எம் பொண்ணு நான் சத்தம் போட்ட அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து படிச்சா, என் கண்ணு முன்னாடியே நடந்தது.

கணக்கு ஐயா

நியாயமான கேள்வி அம்மா. மதிப்பெண்ணில் படிப்பும் இருக்கிறது, அன்றைய தினமும் இருக்கிறது. வந்த கேள்விகள், காய்ச்சல், விடைத்தாள் திருத்தியவரின் மனநிலை, இவையெல்லாம் அன்றைய தினம். படிப்பின் பங்கு கூடக் கூட, பகடைபோல முழுதாகத் திரும்பாமல் சராசரியை நோக்கிக் கொஞ்சம் நகரும். உங்கள் மகள் படித்ததை நான் மறுக்கவில்லை. சத்தம் போடாதிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்பது நம் இருவருக்குமே தெரியாது என்கிறேன். தெரிந்துகொள்ள வழி உண்டு. ஒரு பள்ளியில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் கண்டித்து, மறுபாதியைச் சும்மா விட்டு, அடுத்த தேர்வில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். சும்மா விட்ட பாதியும் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கண்டிப்பின் பலன்.

உடம்பு முடியாமல் போகும்போதும் இதுவே. சளியோ மூட்டுவலியோ உச்சத்தில் இருக்கும் அன்றுதான் வைத்தியம் தேடுகிறோம். அன்று எதைச் சாப்பிட்டாலும் இரண்டு நாளில் கேட்கும். விபத்து அடிக்கடி நடக்கும் வளைவில் பூசணிக்காய் உடைத்தாலும் அடுத்த வருடம் விபத்து குறையும். எச்சரிக்கைப் பலகை வைத்தாலும் குறையும். பலகையால் குறைந்தது எவ்வளவு என்று கணக்கெடுக்கும் பொறியாளர்கள் இதைக் கழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

குசும்பன்

இப்ப நான் சீரியஸா ஒண்ணு கேக்குறேன். இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆச்சு? கானெமன் 2002ல நோபல் வாங்கினவர். இத்தனை வருஷ ஆராய்ச்சிக்கு அப்புறமும் தன்னோட உள்ளுணர்வு பெருசா திருந்தலைன்னு அவரே எழுதியிருக்கார். அவருக்கே அந்தக் கதின்னா நமக்கு? நான் பார்த்தவரைக்கும் இந்தப் பேரெல்லாம் தெரிஞ்சுக்கிட்டவன் அதை அடுத்தவனை மடக்கத்தான் பயன்படுத்துறான். ஃபேமிலி குரூப்ல மாமா ஏதாச்சும் சொன்னா "இது கன்ஃபர்மேஷன் பயாஸ் மாமா, நம்புறதுக்குத் தோதானதை மட்டும் பார்க்குறீங்க"ன்னு ஒருத்தன் கிளம்புறான். அவன் ஃபார்வர்டு பண்றது மட்டும் பயாஸே இல்லாத தங்கம்.

வல்வை குமரன்

குசும்பன் சொல்லுறதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. எமிலி ப்ரோனின் எண்ட உளவியலாளரும் ஆக்களும் 2002இல காட்டினவை: மற்றவைக்கு இருக்கிற சாய்வு, அதுதான் அந்த பயாஸ், எங்களுக்கு நல்லாத் தெரியும், எங்களுக்கு மட்டும் சராசரி ஆளை விடக் குறைவு எண்டு ஒவ்வொருத்தரும் நினைக்கிறம். சாய்வைப் பற்றி விளக்கிச் சொன்ன பிறகும் ஆக்கள் தங்கட மதிப்பீட்டை மாத்தேல்லை. மற்ற ஆளின்ர செய்கையைப் பார்த்து முடிவெடுக்கிறம், எங்களைப் பற்றி எங்கட நல்லெண்ணத்தைப் பார்த்து முடிவெடுக்கிறம்.

எண்டாலும் "ஒண்டும் பிரயோசனமில்லை" எண்டதை நான் ஏற்க மாட்டன்.

லேப் செல்வி

நானும் ஏற்க மாட்டேன். ஜெர்மனியில் கெர்ட் கிகரென்சர் என்ற உளவியலாளர் 160 மகப்பேறு மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரேயில் பாசிட்டிவ் வந்த பெண்ணுக்குப் புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்வி. நோய் 1 சதவீதம் பேருக்கு, டெஸ்ட் கண்டுபிடிப்பது 90 சதவீதம், தப்பாகக் காட்டுவது 9 சதவீதம். பயிற்சிக்கு முன் சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம். சதவீதத்தைத் தலைக்கணக்காக மாற்றிச் சொல்லிக் கொடுத்த பின் 87 சதவீதம். ஆயிரம் பெண்கள், 10 பேருக்கு நோய், அதில் 9 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 990இல் தப்பான பாசிட்டிவ் 89. ஆக 98 பாசிட்டிவில் 9 பேர், கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. அந்த டாக்டர்களின் உள்ளுணர்வை யாரும் திருத்தவில்லை. கணக்கை எழுதும் விதத்தை மாற்றினார்கள், தப்பு குறைந்தது. நான் அன்றாடம் செய்வதும் அதுதான். சதவீதத்தைக் கண்டால் ஆயிரம் தலையாக எழுதிவிடுவேன்.

நிரலன்

எங்க வேலையிலும் அப்படித்தான். "நல்லா யோசிச்சு டெஸ்ட் பண்ணு"ன்னு சொன்னா எவனும் பண்ண மாட்டான். தான் எழுதின புரோகிராம் ஓடும்னு நம்புறவன் அது ஓடுற இன்புட்டாத்தான் கொடுப்பான். பீட்டர் வேசன்ங்கிற உளவியலாளர் 1960ல பண்ணின சோதனை இதேதான். 2, 4, 6ங்கிற வரிசை ஒரு விதிக்குப் பொருந்துது, அந்த விதி என்ன, நீங்களும் மூணு எண் கொடுத்துச் சோதிக்கலாம்னார். ஆளுங்க 8, 10, 12ன்னாங்க, சரின்னார். 20, 22, 24, அதுவும் சரி. "ரெண்டு ரெண்டா கூடுது"ன்னு அடிச்சுச் சொன்னாங்க, தப்பு. விதி "ஏறுவரிசை", அவ்வளவுதான். 1, 2, 50ன்னு ஒருத்தன் கேட்டிருந்தா அந்த ஊகம் அங்கேயே உடைஞ்சிருக்கும். அதனால எங்ககிட்ட புரோகிராம் எழுதறவன் வேற, அதை உடைக்கிறவன் வேற. புத்தியைத் திருத்த முடியலைன்னா ஏற்பாட்டை மாத்திடணும்.

குசும்பனுக்கு ஒண்ணு. அடுத்த தடவை எதையாவது அடிச்சுச் சொல்லும்போது, "என்ன நடந்தா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்குவேன்"ங்கிறதை முன்னாடியே ஒரு சீட்டுல எழுதி அடுத்தவர்கிட்ட கொடுத்துடுங்க. ஜோசியர் நோட்டு மாதிரி உங்க கையில வச்சுக்காதீங்க.

குசும்பன்

சீட்டு எழுதிட்டேன். என் வீட்டம்மா கையில கொடுத்தாச்சு. இதைவிட ஆபத்தான ஏற்பாடு உலகத்துல கிடையாது.

மட்டுறுத்துநர்

மூன்று கதவு, ஒரு கார், இரண்டு ஆடு புதிரைப் பற்றி நான்கு பதிவுகள் வந்து அவற்றைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். 1990இல் பத்திரிகையில் பத்தி எழுதிவந்த மெர்லின் வாஸ் சாவண்ட் அதற்குச் சரியான விடை எழுதியபோதே மறுத்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. இங்கே வேண்டாம்.

மைதிலி

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவள். இப்போது அவசரமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் அண்ணி மூன்று மாத கர்ப்பம். டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையில், குழந்தையின் பிறவிக் குறைபாடான டவுன் சிண்ட்ரோமுக்கு "ஹை ரிஸ்க் 1:180" என்று சிவப்பில் வந்திருக்கிறது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் "கலைச்சிடலாம்" என்கிற அளவுக்குப் போய்விட்டார். செல்வி அக்கா, அது என்ன எண்?

லேப் செல்வி

மைதிலி, முதலில் அந்தச் சிவப்பு எழுத்தை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். அண்ணியைப் போலவே ரிப்போர்ட் வந்த 180 பெண்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால், அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். 179 பேருடைய குழந்தைக்கு இருக்காது. பல லேப்களில் 1:250 என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் கம்ப்யூட்டரே "ஹை ரிஸ்க்" என்று அச்சடித்துவிடும். அது நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல, அடுத்த டெஸ்டுக்குக் கூப்பிடும் சீட்டு. அண்ணியின் வயதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, அதனால் வயது கூடியவர்களுக்கு இந்த வார்த்தை எளிதில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் வயது, எடை, ஸ்கேனில் சொன்ன கர்ப்ப வாரம் மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரம் தப்பாக இருந்தால் எண்ணே மாறும்.

இதை வைத்துக் கலைப்பது பற்றி யாரும் பேசவே கூடாது. டாக்டரிடம் இரண்டு வழி கேளுங்கள். ஒன்று, அம்மாவின் ரத்தத்திலிருந்து குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடி. இது கொஞ்சம் விலை கூட, ஆனால் டபுள் மார்க்கரைவிட ரொம்பத் துல்லியம். குழந்தைக்கு ஆபத்தும் இல்லை. அதுவும் பாசிட்டிவ் வந்தால்கூட அது முடிவு அல்ல. முடிவாகச் சொல்வது பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட். 15 வாரத்துக்குப் பிறகு செய்வார்கள், சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. எது முதலில் என்பதை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார். எந்த டெஸ்டிலும் ஆணா பெண்ணா என்று மட்டும் மாமியாரைக் கேட்க விடாதீர்கள், 1994 சட்டப்படி சொல்பவர், கேட்பவர் இருவருக்குமே தண்டனை.

மாமியாரிடம் 1:180 என்று சொல்லாதீர்கள். 180 பேர், 179 பேர் என்று சொல்லுங்கள். குழந்தையின் கழுத்துப் பின்புறத்தை அளக்கும் என்டி ஸ்கேனில் அளவு என்ன வந்தது? ரிப்போர்ட்டில் பெயர், லேப் விவரத்தை மறைத்துவிட்டுத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நாளை காலை டியூட்டிக்குப் போகும் முன் பார்க்கிறேன்.